வறண்ட கண்ணோடு வாழ்வது: மதுரை வெயிலுக்கும் ஆடிக் காற்றுக்கும் ஏற்ற ஒரு வழிகாட்டி

கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தல், மாலையானால் எரிச்சல், காலையில் இமையைத் திறக்கவே சிரமம், இடையிடையே காரணமில்லாமல் கண்ணீர் வழிதல் ஆகியவை மாதக்கணக்கில் நீடித்தாலும், நம் ஊரில் பெரும்பாலோர் அதை "உடம்புச் சூடு" என்று சொல்லி, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலோடு விட்டுவிடுகிறார்கள். அது நாள்பட்ட கண் வறட்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நீர் வழிகிற கண்ணை வறண்ட கண் என்று சொன்னால் எளிதில் யாரும் நம்புவதில்லை. ஆனால் கருவிழியின் மேற்பரப்பு காய்ந்து உறுத்தும்போது, அந்த உறுத்தலைத் தாளாமல்தான் கண்ணீர்ச் சுரப்பி ஒரேயடியாக நீரைக் கொட்டுகிறது. அப்படிக் கொட்டும் நீர் கன்னத்தில் வழிந்து போகுமே தவிர, கண்ணின் மேல் தங்கி அதைக் காப்பதில்லை.

பல ஆண்டுகளாக இந்தத் தொல்லையோடு மதுரையில் வாழ்கிறவன் என்ற முறையில் நான் முதலில் சொல்ல விரும்புவது, எந்தச் சொட்டு மருந்து நல்லது என்று கேட்பதற்கு முன், உங்கள் கண் எந்த வகையில் வறள்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதுதான். கண்ணின் மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தில் சளித்தன்மையுள்ள பொருள், நீர், எண்ணெய் என்று மூன்றும் இருக்கின்றன. எண்ணெயைச் சுரப்பவை இமை விளிம்பில், மேல் இமையில் 25 முதல் 40 வரையும் கீழ் இமையில் 20 முதல் 30 வரையும் வரிசையாக அமைந்துள்ள மெய்போமியன் சுரப்பிகள். சூடான ரசத்தின் மேல் நெய் படர்ந்திருந்தால் ஆவி அடங்கியிருப்பதைப் போல, இந்த எண்ணெய் கண்ணீர் ஆவியாகிப் போகாமல் தடுக்கிறது. சிலருக்கு நீரே குறைவாகச் சுரக்கிறது. ஆனால் பெரும்பாலோருக்கு இந்தச் சுரப்பிகள் அடைபட்டு எண்ணெய் குறைவதால், சுரக்கிற நீர் தங்காமல் போகிறது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். "மாதம் மூன்று பாட்டில் போடுகிறேன், பயனே இல்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு, அடைபட்ட இமைச் சுரப்பியை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

இதைக் கண்டறியும் சோதனைகள் வலியில்லாதவை, சில நிமிடங்களில் முடிபவை. கீழ் இமையின் ஓரத்தில் ஒரு சிறு காகிதப் பட்டையைச் செருகி, 5 நிமிடத்தில் அது எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பது ஷிர்மர் சோதனை. 5 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் நீர்ச் சுரப்பு மிகக் குறைவு என்று கொள்வார்கள். ஃபுளோரசீன் என்னும் மஞ்சள் சாயத்தைத் தொட்டுவைத்து, கண் சிமிட்டாமல் இருக்கச் சொல்லி, படலம் எத்தனை விநாடியில் கிழிகிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பது மற்றொன்று. 10 விநாடிக்குள் கிழிந்தால் படலம் நிலையாக இல்லை என்று பொருள். இமை விளிம்பை அழுத்தி எண்ணெய் தெளிவாக வருகிறதா, பற்பசைபோல் கெட்டியாக வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கண் மருத்துவத்தைப் பொறுத்தவரை மதுரைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. அரசு இராசாசி மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. சுற்றுப்புற ஊர்களில் உள்ளவர்கள் அருகில் இருக்கும் கண் பரிசோதனை மையத்தில் தொடங்கலாம். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துவிட்டு வருவது இதற்குப் போதாது.

இமைச் சுரப்பி அடைப்புக்கு வீட்டிலேயே செய்ய வேண்டிய ஒத்தடம்தான் இந்த நோயின் அடித்தளமான சிகிச்சை. ஒரு சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியை நான்காக மடித்து, வெந்நீரில் நனைத்துப் பிழியுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தால் இதமான சூடு தெரிய வேண்டும், சுடக் கூடாது. மூடிய இமைகளின் மேல் வையுங்கள். இங்கேதான் பலரும் தவறவிடுகிறார்கள்: நனைத்த துணி ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், ஆறிய துணியை வைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. உறைந்த எண்ணெய் இளகுவதற்கு இமையில் சுமார் 40 டிகிரி செல்சியஸ் சூடு 5 முதல் 10 நிமிடம் வரை தொடர்ந்து இருக்க வேண்டும் என்பதால், இரண்டு துணிகளை மாற்றி மாற்றி வைப்பதே சரி. ஒத்தடம் முடிந்த உடனே, சூடு ஆறுவதற்குள், விரல் நுனியால் மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், அதாவது இரண்டையும் இமைமயிர் வரிசையை நோக்கி, மெதுவாக நீவிவிட வேண்டும். விழியை அழுத்தக் கூடாது. பிறகு கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் இமைமயிர்களின் அடியைத் துடைத்துவிடுங்கள்; தலையில் பொடுகு உள்ளவர்களுக்கு அங்கே செதில்கள் படிந்திருக்கும். காலையும் இரவும் செய்தால் நல்லது, ஒருவேளைதான் முடியும் என்றால் அதையாவது விடாமல் செய்யுங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கண்மை தீட்டுகிறவர்கள் இமையின் உள்விளிம்பில் தீட்டுவதை நிறுத்த வேண்டியிருக்கும், ஏனெனில் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் திறப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

சொட்டு மருந்துக்கு வருவோம். செயற்கைக் கண்ணீர் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், ஹைட்ராக்ஸிபுரொப்பைல் மெத்தில் செல்லுலோஸ், சோடியம் ஹயலுரோனேட் ஆகியவற்றில் ஒன்று இருக்கும். அட்டைப்பெட்டியில் பெயரைவிட இந்த மூலப்பொருளைப் படித்து வைத்துக்கொண்டால், ஒரு கடையில் இல்லாவிட்டாலும் இன்னொரு கடையில் அதையே கேட்டு வாங்கலாம். 1992-இல் தொடங்கப்பட்ட, அரவிந்த் குழுமத்தைச் சேர்ந்த ஆரோலேப் நிறுவனம் உட்பட, கண் மருந்துகளை மதுரையிலேயே தயாரிக்கிறார்கள். இங்கே பார்க்க வேண்டிய இன்னொன்று, மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் பென்சால்கோனியம் குளோரைடு என்னும் பொருள். நாளுக்கு நான்கு முறைக்கு மேல், ஆண்டுக்கணக்கில் போட வேண்டியவர்களுக்கு அதுவே கண்ணின் மேற்பரப்பை அரிக்கத் தொடங்கும்; அப்படிப்பட்டவர்கள் பதப்பொருள் இல்லாத மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இது.

போடும் முறையிலும் கவனம் வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அண்ணாந்து பார்த்து, கீழ் இமையை இழுத்தால் உண்டாகும் குழியில் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். அந்தக் குழியில் இரண்டாவது சொட்டுக்கு இடமில்லை. பாட்டில் முனை இமைமயிரில் படவே கூடாது. கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரத்தில் உள்ள உள்மூலையை ஒரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்துகள் இருந்தால் இடையே 5 நிமிடமாவது விடுங்கள். ஜெல்லும் களிம்பும் கடைசியில்தான். எரிந்த பிறகு போடுவதைவிட, எரிச்சல் தொடங்கும் வேளைக்கு முன்பே போடுவது பெரிய வேறுபாட்டைத் தரும்: திருமங்கலத்திலிருந்து வண்டியில் மாட்டுத்தாவணிக்குப் போக வேண்டுமானால், கிளம்பும் முன் போடுங்கள், போய்ச் சேர்ந்த பின் அல்ல. திறந்த பாட்டிலை அதில் குறிப்பிட்ட காலத்துக்குள், பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள், தூக்கி எறியுங்கள். சித்திரை வெயிலில் இருசக்கர வண்டியின் இருக்கைப் பெட்டிக்குள் மருந்தை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

மதுரையில் காற்றும் ஒரு நோய்க்காரணம் என்றே நான் கருதுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் நாம் இருப்பதால், கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் அதே மாதங்களில் நமக்கு வந்து சேர்வது ஈரத்தை அங்கேயே இறக்கிவைத்துவிட்ட காற்று. தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற அந்த ஆடிக் காற்று, வறண்ட கண்ணுக்கு அக்னி நட்சத்திரத்தைவிடக் கொடியது. பேருந்தில் சன்னலோர இருக்கையை அந்த மாதங்களில் விட்டுக்கொடுங்கள். தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள். பக்கவாட்டையும் மூடும் அகலமான கூலிங்கிளாஸ் பகலில் உதவும். வீட்டில் மின்விசிறிதான் முதல் எதிரி. தூங்கும்போது சிலருக்கு இமை முழுதாக மூடுவதில்லை, அவர்களுக்கே அது தெரியாது. விடியற்காலையில் எரிச்சல் மிகுந்திருந்தால், தூங்கும்போது இமை மூடியிருக்கிறதா என்று வீட்டிலுள்ளவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே சுழலும் விசிறியின் நேர்கீழே தலைவைப்பதைத் தவிர்த்து, மேசை விசிறியைக் கால் பக்கம் திருப்பிவைத்து, படுக்கும்போது கண்களிம்பு போட்டுக்கொண்டால் காலைப் பொழுது மாறும். ஏர்கூலர் அறையை ஈரப்படுத்துவது நல்லதுதான், ஆனால் அதன் காற்று முகத்தில் நேராக அடிக்கக் கூடாது.

வேலையையும் பார்க்க வேண்டும். நாம் இயல்பாக நிமிடத்துக்கு 15 முறையாவது கண் சிமிட்டுகிறோம். கணினியையோ கைப்பேசியையோ உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது, சிமிட்டுவதும் அரைகுறையாக ஆகிறது. இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் கணினி முன் அமர்ந்திருப்பவருக்கும், குழல் விளக்கின் கீழ் ஊசியில் நூல் கோக்கும் தையற்காரருக்கும், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்ணுக்கும் கண் படும் பாடு ஒன்றே. 20 நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, வாசலுக்கு வெளியே தொலைவில் 20 விநாடி பார்த்து, இமைகளை முழுதாக மூடி இரண்டு விநாடி நிறுத்தித் திறப்பதைச் சில முறை செய்யுங்கள். கணினித் திரை கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் விழி குறைவாகத் திறக்கும், ஈரமும் குறைவாகப் போகும்.

விளக்கெண்ணெய், தேன், நந்தியாவட்டைச் சாறு, இளநீர், தாய்ப்பால் என்று கண்ணுக்குள் விடச் சொல்லும் அன்பான அறிவுரைகள் உங்களுக்கு நிச்சயம் வரும். எதையும் விடாதீர்கள். காய்ந்த கருவிழியில் கிருமி எளிதில் ஒட்டிக்கொள்ளும். மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் 113 பேருக்கு வருவதாக 1996-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. வயல்வேலை செய்வோரிடம் இது பெரும்பாலும் பூஞ்சையால் வருகிறது, ஆறினாலும் தழும்பாகிப் பார்வையைக் கெடுக்கிறது. தொழிற்சாலையில் தயாரானதுகூடக் கிருமியற்றதாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை, 2023-இல் அமெரிக்காவில் ஒரு செயற்கைக் கண்ணீர் மருந்தால் பலர் பார்வை இழந்தபோது உலகமே கண்டது. மருந்துக்கடையில் "கண் சிவந்திருக்கு" என்று சொல்லி வாங்கும் மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு அது நல்ல மருந்து, தானாகத் தொடர்ந்தால் கண் அழுத்தத்தையும் கண்புரையையும் தரும், பூஞ்சைப் புண்ணை வளர்த்துவிடும். கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, நெல் உமியோ கரும்புத் தோகையோ பட்ட பின் சிவப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வறட்சிக்குக் காரணம் கண்ணுக்கு வெளியேயும் இருக்கலாம். சளிக்கும் அரிப்புக்கும் போடும் செட்ரிசின் போன்ற மாத்திரைகள், சில மனநல மருந்துகள், முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினோயின், கண் அழுத்தத்துக்கான சில சொட்டு மருந்துகள் ஆகியவை கண்ணை உலர்த்தும். இவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம், பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் இது அதிகம். வாயும் சேர்ந்து வறண்டு, தண்ணீர் இல்லாமல் இட்லிகூட இறங்காத நிலையும் மூட்டு வலியும் இருந்தால், உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். மீன் எண்ணெய் மாத்திரைக்குப் பெரும் பணம் செலவிட வேண்டியதில்லை: 2018-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ஓராண்டு முழுதும் அதைச் சாப்பிட்டவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மத்தி மீனைச் சாப்பாட்டுக்காகச் சாப்பிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் தீராதவர்களுக்கு, கண்ணின் அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து, கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு அடைப்பான், சொந்த இரத்தத்திலிருந்து தயாரிக்கும் சீரம் சொட்டு என்று அடுத்த படிகள் இருக்கின்றன. சைக்ளோஸ்போரின் தொடக்கத்தில் எரியும், பலன் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். இரண்டாவது வாரத்தில் நிறுத்திவிட்டு "அதுவும் கேட்கவில்லை" என்று முடிவு கட்டுவது பெரிய இழப்பு. "பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மனம் சோர்ந்து போகிறவர்கள் பலர். வலி உண்மையானது, சில சமயம் கருவிழியின் நரம்புகளே பாதிக்கப்பட்டுச் சோதனையில் தெரிவதைவிட அதிகமாக வலிக்கும். தூக்கம் கெடும் அளவுக்குச் சோர்வு இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்தால், வறட்சி இருப்பதை முன்பே தெரிவியுங்கள். காய்ந்த கருவிழியில் எடுக்கும் அளவு பிசகினால் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரும் பிசகும். அறுவைக்குப் பின் சில மாதங்களுக்கு வறட்சி கூடவும் செய்யும். அளவு எடுக்கும் முன் சில வாரங்கள் ஒத்தடமும் சொட்டு மருந்தும் ஒழுங்காகப் போட்டு, நீங்கள் பயன்படுத்தும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துச்சென்று காட்டுங்கள்.