பில்லில் காணாமல் போன இடது பக்க எண்

பைக் விபத்தில் தலையில் அடிபட்ட தம்பி, சித்தப்பாவின் ஹார்டுவேர் கடையில் மறுபடி வேலைக்கு உட்கார்ந்ததும் பில் தப்புத் தப்பாக வந்தது. 1,250 ரூபாய் 250 ஆகிவிடும். ஞாபக மறதியோ என்று எல்லாவற்றையும் குறித்துவைக்கச் சொன்னோம், பலனில்லை. கண் பரிசோதனையில் பார்வை சரி. வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்தும் அதே கதைதான்.

அப்புறம் பழைய பில்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, விட்டுப்போனது எல்லாமே இடது ஓரத்து எண், கடைசி இலக்கம் ஒருதடவைகூடத் தப்பவில்லை. (சாப்பிடும்போதும் தட்டின் இடது பக்கப் பொரியல் அப்படியே கிடக்கும், பிடிக்கவில்லை போல என்று விட்டிருந்தோம்.) அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் இதைச் சொன்னதும், மூளையின் வலது பாதியில் அடிபட்டவர்களுக்கு இது வரலாம், கண் நன்றாக இருந்தாலும் இடது பக்கம் கவனத்துக்கே வராது என்றார்.

பில் புத்தகம், கால்குலேட்டர், அலமாரி எல்லாவற்றின் இடது ஓரத்திலும் சிவப்பு டேப் ஒட்டினோம். சிவப்பு கண்ணில் பட்ட பிறகுதான் படிக்கத் தொடங்கணும். முதலில் பக்கத்தில் நின்று "சிவப்பு எங்கடா?" என்று கேட்க வேண்டியிருந்தது, இப்போது அவனே தேடிவிடுகிறான். அப்பாடா! கூட்டம் சேர்ந்தால் மட்டும் இன்னும் சறுக்குகிறது, அதனால் மாலையில் பில் சித்தப்பா போடுகிறார், தம்பி நட்டு போல்ட் எண்ணிப் பொட்டலம் கட்டுகிறான்.