நெல்லைச் சீமையில் சிக்கனப் படப்பிடிப்பு

கதை வரிசைப்படி எடுத்தால் காசு கரையும். ஒரு வீட்டில் நடக்கும் காட்சிகள் கதையில் எங்கே வந்தாலும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். அப்போது காலை வாருவது தொடர்ச்சிதான், அதாவது முந்தின ஷாட்டில் இருந்தது அடுத்ததிலும் அப்படியே இருப்பது: சட்டைப் பொத்தான், திருநீறு, செம்பில் தண்ணீரின் அளவு என எல்லாவற்றையும் ஷாட்டுக்கு ஷாட் போனில் படம்பிடித்து வையுங்கள்.

உச்சிவெயிலில் நிழல் விழுந்து படத்தில் கண்குழி கறுத்துவிடும். 11 முதல் 3 மணிவரை வீட்டுக்குள் வேலை.

ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்று பேயாட்டம் போடும். மைக்குக்குப் பஞ்சுறை போதாது, ரோம உறை வேண்டும். அதுவும் தோற்றால் டப்பிங்தான். அந்த இடத்தின் வெறும் சத்தத்தை 1 நிமிடமாவது தனியே பதியுங்கள். அதை அடியில் போடாவிட்டால் டப்பிங் வசனம் காட்சியோடு ஒட்டாமல் மிதக்கும்.

மலைமேல் இருக்கும் மாஞ்சோலை, புலிகள் காப்பகப் பகுதி. வனத்துறை அனுமதி கைக்கு வராமல் வண்டி ஏற்றாதீர்கள்.