பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் மாலை வகுப்பு தொடங்க நினைக்கிறவர்கள் கரும்பலகை வாங்குவதற்கு முதல் இரண்டு மூன்று வாசிப்புக் கண்ணாடி வாங்கிவையுங்கள். வயது நாற்பது தாண்டினால் கண்ணுக்குக் கிட்ட இருப்பது மங்கும், எழுத்துத் தெரியாதவரும் எழுத்து மங்கலாகத் தெரிகிறவரும் வகுப்பில் ஒரே மாதிரித்தான் முழிப்பார்கள்.

அப்புறம் யாருக்கு எது வரவில்லை என்று பாருங்கள். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரியவர்களைப் பற்றிய ஆய்வுகள் போதாது என்பதை ஒப்புக்கொண்டுதான், எழுத்துக் கூட்டுதல், சொல்வளம், சரளம், வாசித்து விளங்கிக்கொள்ளுதல், எழுதுதல் எல்லாவற்றையும் ஆளுக்கு ஏற்றபடி நேரடியாகச் சொல்லிக்கொடுங்கள் என்கிறது. என் வகுப்பில் ஒரு மாமி கல்முனை பஸ்ஸின் போர்டைத் தூரத்திலேயே சொல்லிவிடுவார். அதையே தாளில் எழுதிக் காட்டினால், "இது எந்த ஊர் மனே?" பலகையின் சாயலைப் பார்த்துச் சொன்னதுதான், வாசிக்கவில்லை. இதைப் பிடிக்க எளிய வழி, 'கெமோ', 'தேபுனை' என்று பொருளே இல்லாத சொற்களைக் கொடுப்பது. ஊகிக்க முடியாது பாருங்கள்.

மாமி 'கெ'யிலேயே நின்றுவிட்டார். கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது, பக்கத்தில் ஒரு கால் சேர்ந்தால் 'கொ' ஆகிவிடுகிறது! சின்ன வயதில் பழகிய நமக்கு இது உறைப்பதில்லை. அதனால் 247 எழுத்து என்று பயமுறுத்தாமல் கெ, கே, கை, கொ, கோ ஐந்தையும் ஒன்றாக வைத்து இரண்டு மூன்று நாள் அதிலேயே நில்லுங்கள். உகர வரிசைதான் அடாவடி, கு, டு, பு, து என்று கோலம் மாறிக்கொண்டே இருக்கும், அதை மனப்பாடம்தான் பண்ண வேண்டும்.

சொற்களை அவர்கள் வாயிலிருந்தே எடுங்கள். கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். நமக்கு வெள்ளாமை, வட்டை (வயல்வெளி), தோணி, கரண்ட் பில், கிளினிக் கொப்பி.

பத்துத் தடவை பார்த்தெழுத வைப்பதை விடுங்கள், அதில் கைதான் வேலை செய்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துப் பார்த்தபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் முந்தினார்கள், ஒரு கிழமை கழித்து முந்தியது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். ஆகவே சொல்லை மூடிவைத்து எழுதச் சொல்லுங்கள், நாளைக்கு ஒரு தடவை, மூன்று நாள் விட்டு ஒரு தடவை, அடுத்த கிழமை ஒரு தடவை.

வெள்ளாமை வெட்டு வந்தால் வகுப்பு காலியாகும், அதற்குக் கோபிக்காதீர்கள். திரும்பி வருகிறவர்களிடம் மறுபடி அ, ஆ என்று தொடங்காமல் பழைய பத்துச் சொல்லை மூடிவைத்துக் கேளுங்கள், எட்டு மறந்திருந்தால் அந்த எட்டுத்தான் அன்றைய பாடம்.