ஐந்து நாள் எம்.டி.பி.யை எடுத்து நடத்துவது எப்படி?

எட்டிலிருந்து பதினைந்து வருட அனுபவமுள்ள முப்பது மேலாளர்கள் பிசினஸ் ஸ்கூல் வளாகத்திலேயே தங்கி ஐந்து நாள் படிக்கிறார்கள். இந்தியாவில் எம்.டி.பி. (மேனேஜ்மென்ட் டெவலப்மென்ட் புரோகிராம், வேலையில் இருக்கும் மேலாளர்களுக்கான குறுகிய காலப் பயிற்சி) என்று சொன்னால் பலருக்கும் மனதில் வருவது இந்த வடிவம்தான். பாடம் நடத்துவது பேராசிரியர்கள். கம்பெனியோடு முதலில் பேசுவதிலிருந்து சான்றிதழில் இனிஷியல் சரிபார்ப்பது வரை மீதி எல்லாம் புரோகிராம் மேனேஜரும் அவரோடு இருக்கும் இரண்டு மூன்று பேரும் பார்ப்பது. அந்த நாற்காலியில் புதிதாக உட்கார்ந்தவருக்கு இந்தக் குறிப்பு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வகுப்பில் கற்றதை ஒரு மேலாளர் திரும்பிப் போய்ச் செய்வாரா என்பது பெரும்பாலும் அவருடைய மேலதிகாரி கையில் இருக்கிறது. அந்த மேலதிகாரி பயிற்சி தொடங்கும் முன்பே இந்த வேலைக்குள் வந்துவிட வேண்டும். அகமதாபாத் ஐ.ஐ.எம். 1960-களிலேயே மூன்று மட்டத்து மேலாளர்களுக்குமாக மூன்றடுக்குப் பயிற்சி நடத்தத் தொடங்கிவிட்டது. நடுவில் இருப்பவரை மட்டும் அனுப்பினால் போதாது என்பது அவ்வளவு பழைய பாடம். இருந்தும் இன்றைக்கும் மனிதவளத் துறையோடு மட்டும் பேசிவிட்டுப் பயிற்சியை வடிவமைக்கிறார்கள்.

கம்பெனி கேட்பது ஒன்று, தேவை வேறொன்று

"எங்கள் மேலாளர்களுக்கு லீடர்ஷிப் பயிற்சி வேண்டும், புரபோசல் அனுப்புங்கள்" என்று மெயில் வரும். உடனே அனுப்பாதீர்கள். அதற்கு எழுதும் புரபோசல் யாருக்கும் பொருந்தும் சட்டை மாதிரி, யாருக்கும் சரியாக இருக்காது.

ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மனிதவளத் துறை "லீடர்ஷிப்" என்கிறது. பிளான்ட் ஹெட்டிடம் இருபது நிமிடம் பேசினால் அவர் சொல்வது வேறு: வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பி அனுப்பும் வரை உற்பத்தி, தரம், பராமரிப்பு மூன்று துறைத் தலைவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஒவ்வொருவரும் தன் துறை எண்ணை மட்டும் பார்க்கிறார். இங்கே ஊக்கப் பேச்சு உதவாது. ஒரு மணி நேரம் லைன் நின்றால் கம்பெனிக்கு எவ்வளவு போகிறது என்று மூவரும் ஒரே மேசையில் கணக்குப் போடும் வகுப்பு வேண்டும். தலைப்பில் "லீடர்ஷிப்" இருந்துவிட்டுப் போகட்டும், உள்ளே இருக்க வேண்டியது இதுதான்.

அதனால் புரபோசலுக்கு முன்னால் ஏழெட்டுத் தொலைபேசி அழைப்புகள்: வரப்போகிறவர்களில் நான்கைந்து பேர், அவர்களுடைய மேலதிகாரிகளில் இரண்டு மூன்று பேர். மேலதிகாரியிடம் கேட்க வேண்டியவை இரண்டு. இவர்கள் இன்றைக்கு உங்களிடம் எடுத்து வரும் எந்த முடிவை நாளைக்குத் தாங்களே எடுக்க வேண்டும்? திரும்பி வந்ததும் இவர்களிடம் முதலில் என்ன கேட்பீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பலரிடமும் பதில் இருக்காது. அந்த மௌனத்தையும் குறித்து வையுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, மனிதவளத் துறை, மேலதிகாரி, பயிற்சியின் பாடப் பொறுப்பாளரான உங்கள் புரோகிராம் டைரக்டர் மூவரிடமும் ஒப்புதல் வாங்குங்கள். மனிதவளத் துறை சொன்னதும் மேலதிகாரி சொன்னதும் முரண்பட்டால் அதை மறைக்காமல் அப்படியே எழுதுங்கள். ஐந்தாம் நாள் வெடிப்பதைவிட இப்போதே பேசித் தீர்த்துவிடுவது நல்லது.

தேதி

கம்பெனிக்கென்றே வடிவமைக்கும் பயிற்சிக்குப் பத்துப் பன்னிரண்டு வாரம் வேண்டும். தொழிற்சாலைக்காரர்களுக்கு மாதக் கடைசி வாரத்தைத் தொடவே கூடாது. டிஸ்பாட்ச் நெருக்கடியில் ஆள் வந்தாலும் மனசு பிளான்ட்டில் இருக்கும். விற்பனை, கணக்குத் துறைக்காரர்களுக்குக் காலாண்டுக் கடைசி ஆகாது, மார்ச் யாருக்குமே ஆகாது. பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி வாரங்களையும் முன்னதாகவே அடித்துவிடுங்கள். மாதத்தின் இரண்டாவது வாரம், ஞாயிறு மாலை வந்து சேர்ந்து திங்கள் காலை தொடங்குவது நன்றாக அமையும். திங்கள் காலை பயணம் செய்து வருகிறேன் என்பவர்களுக்கு இடம் கொடுத்தால் முதல் வகுப்பு பாதி நாற்காலி காலியாகத்தான் நடக்கும்.

கணக்கு

யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய ஓபன் புரோகிராமில்தான் பணம் கையைச் சுடும். ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் உங்கள் இடத்துக்கு ஏற்ப மாறும், போடும் முறை மாறாது.

ஒருவருக்குக் கட்டணம் 80,000 ரூபாய். அதில் 30% பிசினஸ் ஸ்கூலின் பங்காக (நிறுவனப் பங்கு) 24,000 போய்விடும். தங்குமிடம், சாப்பாடு, கேஸ் (வகுப்பில் விவாதிக்கக் கொடுக்கும் ஒரு கம்பெனியின் கதை) பிரதிகள், பை, நோட்டு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 28,000. மிஞ்சுவது 28,000. ஆள் எத்தனை வந்தாலும் மாறாத செலவு: 20 வகுப்புக்கு 25,000 வீதம் 5 லட்சம், வடிவமைப்புக்கும் விருந்தினர் பயணத்துக்கும் வகுப்பறைக்கும் ஒன்றரை லட்சம், ஆக 6.5 லட்சம். 6,50,000-ஐ 28,000-ஆல் வகுத்தால் 23.2. அதாவது 24 பேர் வந்தால்தான் கையைக் கடிக்காது.

இப்போது "முதலில் பதிவு செய்வோருக்கு 10% தள்ளுபடி" என்று அறிவித்து, எல்லோரும் அதிலேயே பதிவு செய்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 72,000, நிறுவனப் பங்கு 21,600, மிஞ்சுவது 22,400. தேவைப்படும் ஆட்கள் 30. பத்து சதவீதம் விட்டுக்கொடுத்ததற்கு ஆறு பேர் கூடுதலாக வேண்டியிருக்கிறது. தள்ளுபடியை முதல் எட்டுப் பத்து இடங்களோடு நிறுத்துங்கள்.

நடத்துவதா தள்ளிவைப்பதா என்ற முடிவைத் தொடங்கும் தேதிக்கு 15 நாள் முன்பு எடுங்கள். அதற்குள் பெரும்பாலானோர் ரயில், விமான டிக்கெட் எடுத்திருக்க மாட்டார்கள். 18 பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்றால் மேலே சொன்ன கணக்கில் 1,46,000 நஷ்டம். புதிய தலைப்பு, முதல் முறை என்றால் அந்த நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்கலாம். மூன்றாவது முறையும் 18 என்றால் தலைப்பு காலாவதியாகிவிட்டது.

இன்வாய்ஸில் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப இடிக்கும். பட்டப்படிப்புக்கு உள்ள ஜி.எஸ்.டி. விலக்கு குறுகிய கால எம்.டி.பி.க்குக் கிடையாது, 18% சேரும்: 80,000 என்பது 94,400 ஆகும். பிரசுரத்தில் "ஜி.எஸ்.டி. தனி" என்று தெளிவாகப் போடாவிட்டால் அந்த 14,400-க்காக ஒரு மாதம் மெயில் ஓடும். அடுத்தது டி.டி.எஸ்., அதாவது பணம் கட்டும் கம்பெனியே பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்டும் வருமான வரி. 80,000-இல் 10% பிடித்தார்கள் என்றால் கணக்கில் வருவது 86,400. குறைவாகக் கட்டிவிட்டார் என்று நினைத்துப் பங்கேற்பாளரை விரட்டாதீர்கள். கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணும் பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) எண்ணும் பதிவுப் படிவத்திலேயே கட்டாயமாக இருக்கட்டும். பயிற்சி முடிந்த பிறகு கேட்டால் பணம் வர மாதங்கள் ஆகும்.

டைம்டேபிள்

ஒரு நாளைக்கு 90 நிமிடத்தில் நான்கு வகுப்பு, அதற்கு மேல் வேண்டாம். 9 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியும். கட்டணம் கொடுக்கிற கம்பெனி ஐந்தாவது வகுப்பும் கேட்கும், "இரவு எட்டு வரை வைத்துக்கொள்ளுங்கள்" என்றுகூடச் சொல்லும். மறுத்துவிடுங்கள். மறுநாளுக்கான கேஸைப் படிக்க அவர்களுக்கு மாலை வேண்டும். பின்னிணைப்பு அட்டவணைகளோடு 12 பக்கம் வரும் ஒரு கேஸை ஒழுங்காகப் படிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் ஒரு நாளுக்கு இரண்டு கேஸுக்கு மேல் வைத்தால் யாரும் படித்து வர மாட்டார்கள். பேராசிரியர் கதையைச் சொல்லத் தொடங்குவார், விவாதம் விரிவுரையாகிவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பில் ஸ்லைடு வேண்டாம். குழு வேலை, சிமுலேஷன், பேரம் பேசும் பயிற்சி என்று எழுந்து நடமாட வைப்பதாக இருக்கட்டும். பேலன்ஸ் ஷீட் பாடம் காலையில்தான்.

பாடம் எடுக்கப் போகும் நான்கைந்து பேரையும் மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு மணி நேரம் ஒன்றாக உட்கார வையுங்கள். நேரில் முடியாவிட்டால் வீடியோவில். இது நடக்காத இடத்தில், ஸ்ட்ராடஜி எடுப்பவர் செவ்வாய்க்கிழமை போர்ட்டரின் ஐந்து சக்திகளை (ஒரு தொழிலில் போட்டி எவ்வளவு என்று அலசும் படம்) போர்டில் வரைவார், மார்க்கெட்டிங் எடுப்பவர் வியாழக்கிழமை அதையே வரைவார். பங்கேற்பாளர்கள் மரியாதைக்கு எழுதிக்கொள்வார்கள், ஃபீட்பேக்கில் "ஒருங்கிணைப்பு இல்லை" என்று போடுவார்கள்.

கேஸ் உரிமம்

ஒரு பிரதி வாங்கி முப்பது ஜெராக்ஸ் எடுப்பது பதிப்புரிமை மீறல். ஹார்வர்ட், ஐவி போன்ற பதிப்பகங்களின் கேஸ்களுக்கு ஆளுக்கு ஒரு உரிமம் வாங்க வேண்டும். பட்டப்படிப்பு மாணவர்களுக்கான விலை வேறு, இந்த மாதிரிப் பயிற்சிக்கான விலை வேறு. மாணவர் விலையில் வாங்கி இங்கே பயன்படுத்தக் கூடாது. டாலரில் கட்ட வேண்டியிருந்தால் உங்கள் கணக்குத் துறை அனுமதிக்கே பத்து நாள் பிடிக்கலாம். கேஸ் பட்டியல் நான்கு வாரத்துக்கு முன்பே பேராசிரியரிடமிருந்து வந்துவிட வேண்டும். எண்ணிக்கையில் இரண்டு மூன்று கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் ஆள் மாற்றி அனுப்புவார்கள்.

பெயர்

சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் கவனித்துச் செய்தால் பங்கேற்பாளருக்கு அதுவே பெரிய மரியாதை. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பெரும்பாலும் தந்தை பெயரின் முதல் எழுத்துத்தான் இனிஷியல். ஆன்லைன் படிவம் "கடைசிப் பெயர்" கேட்கும், கே. செந்தில்குமார் வேறு வழியில்லாமல் "கந்தசாமி" என்று போடுவார். அட்டையில் கந்தசாமி என்று அச்சாகும். வெளியூர்ப் பேராசிரியர் ஐந்து நாளும் அவரை "மிஸ்டர் கந்தசாமி" என்பார். தன் அப்பா பெயரால் கூப்பிடப்பட்டு அவர் நெளிவார். பிறகு சான்றிதழிலும் அதுவே வரும்.

படிவத்தில் மூன்று கட்டம் வையுங்கள்: சான்றிதழில் வர வேண்டிய பெயர், இனிஷியல் முன்னாலா பின்னாலா, வகுப்பில் கூப்பிட வேண்டிய பெயர். சான்றிதழ்ப் பெயரை இரண்டாம் நாள் தேநீர் இடைவேளையில் பட்டியலாக நீட்டி ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.

மேசைப் பெயர் அட்டைக்கு 250 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கன அளவு) தாள் போதும். அதைவிட மெல்லியது மூன்றாம் நாள் ஏ.சி. காற்றில் சரிந்துவிடும். எழுத்து நான்கைந்து செ.மீ. உயரம் இருந்தால் வகுப்பின் முன்னாலிருந்து படிக்கலாம். இரண்டு பக்கமும் அச்சிடுங்கள், பின்வரிசையில் இருப்பவரும் முன்னால் இருப்பவரைப் பெயர் சொல்லி மறுத்துப் பேச முடியும். ஆறு பேர் கொண்ட குழுக்களை நீங்களே பிரித்து வையுங்கள். தானாக உட்காரவிட்டால் ஒரே துறைக்காரர்கள் ஒட்டிக்கொள்வார்கள்.

ஐந்து நாளும்

தேநீர் இடைவேளை 20 நிமிடம் என்றால் முப்பது பேருக்கு இரண்டு கவுன்ட்டர் வேண்டும். ஒன்றே இருந்தால் வரிசையிலேயே 20 நிமிடம் போய் அடுத்த வகுப்பு பத்து நிமிடம் தாமதமாகும். நான்கு இடைவேளை அப்படிப் போனால் அரை வகுப்பு போச்சு. சாப்பாட்டில் வெங்காயம் பூண்டு சேர்க்காதவர், சர்க்கரை நோயாளி, புரட்டாசியில் அசைவம் தவிர்ப்பவர் யார் யார் என்பதைப் படிவத்திலேயே கேட்டு மெஸ்ஸுக்கு எண்ணிக்கையாகக் கொடுங்கள். தொடக்க நிகழ்ச்சி 15 நிமிடம், யார் வந்து பேசினாலும் அதற்குள்.

முக்கியமான ஃபீட்பேக் இரண்டாம் நாள் மாலை வருவது. கடைசி நாள் படிவத்தில் தெரிவதை வைத்து அந்த வகுப்புக்கு எதுவும் செய்ய முடியாது. இரண்டாம் நாள் ஐந்து மணிக்கு ஆறு பேரை நிறுத்தி, எது மெதுவாகப் போகிறது, எது புரியவில்லை என்று கேட்டு, அன்றிரவே புரோகிராம் டைரக்டரிடம் சொல்லுங்கள். கடைசி நாள் படிவத்தில் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்துக்கு 3.4 என்பது எல்லோரும் சுமாராகப் போட்டதாலும் வரும், பாதிப்பேர் 5, பாதிப்பேர் 2 போட்டதாலும் ஏறக்குறைய அதே எண் வரும். இரண்டாவது வகையில் பெரும்பாலும் குறை பேராசிரியரிடம் இருக்காது. கணக்கு தெரிந்தவரையும் தெரியாதவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்த நம்மிடம் இருக்கும்.

போன பிறகு

டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959-இல் பயிற்சியை அளக்க நான்கு படிகள் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, பலன் கிடைத்ததா. பெரும்பாலான அலுவலகங்கள் முதல் படியோடு கோப்பை மூடிவிடுகின்றன. மூன்றாவது படிக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

ஐந்தாம் நாள் கடைசி வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதட்டும்: 90 நாளில் செய்யப்போகும் ஒரே ஒரு மாற்றம், அதற்கு மேலதிகாரியிடமிருந்து வேண்டியது, அளக்கும் எண். "தகவல் தொடர்பை மேம்படுத்துவேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். "தினமும் ஷிப்ட் மாறும்போது தரம், பராமரிப்புக்காரர்களோடு பத்து நிமிடம் லைனில் நின்று பேசுவேன்" என்றால் ஏற்கலாம். எழுதும்போதே பிரதி மேலதிகாரிக்குப் போகும் என்று சொல்லிவிட்டு, மறுநாளே அனுப்புங்கள்.

முப்பதாம் நாள் பங்கேற்பாளரைக் கூப்பிடுங்கள், தொண்ணூறாம் நாள் மேலதிகாரியை. அவரிடம் அந்தத் தாளைப் படித்துக் காட்டி, இது நடக்கிறதா, நடக்கவில்லை என்றால் எங்கே நின்றது என்று மட்டும் கேளுங்கள். "ஷிப்ட் நேரம் ஒத்துவரவில்லை", "ஆள் மாறிப் போய்விட்டார்", "நான்தான் வேறு வேலை கொடுத்துவிட்டேன்" என்று வரும் பதில்களை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, அடுத்த பேட்ச்சின் பேராசிரியர் கூட்டத்துக்கு முதல் தாளாக வையுங்கள்.