பழைய நாலடி மீன் தொட்டி: பசையையும் பஞ்சையும் பார்த்து வாங்குங்கள்

சிங்கப்பூரில், பழைய பொருள் விற்கும் இணையச் சந்தையான கேரோசெல்லில் நாலடித் தொட்டிகள் அடிமாட்டு விலைக்கு வரும். சில சமயம் ‘வந்து தூக்கிக்கொண்டு போனால் போதும்’ என்று இலவசமாகவே போட்டிருப்பார்கள். வீடு மாறுகிறவர்கள், ஆசையாய் வளர்த்த லோஹான் மீன் செத்ததும் மனம் விட்டுப்போனவர்கள் எனக் காரணம் பல. கண்ணாடியில் இருக்கும் கீறலைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்ப்பதில் பெரிய பயனில்லை. உட்புறத்துச் சின்னக் கீறல்கள் தண்ணீர் நிறைந்ததும் அவ்வளவாகத் தெரியாது. பார்க்க வேண்டியவை இரண்டு: கண்ணாடிகளைப் பிடித்திருக்கும் சிலிகான் பசை, ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சும் பீங்கான் வளையங்களும்.

தண்ணீரோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்ப் பாருங்கள். மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் தொட்டியில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. நான்கு மூலைகளிலும் அடிவிளிம்பிலும் விரலை ஓட்டுங்கள். சிலிகானின் ஓரம் உரிந்து எழும்பியிருந்தாலோ, இரு கண்ணாடிகளுக்கு நடுவே வெள்ளைக் குமிழ்கள் தெரிந்தாலோ, பாசி சுரண்டிய பிளேடு பசையை வெட்டியிருந்தாலோ விட்டுவிடுங்கள். மேலே குறுக்காக ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டை உடைந்திருந்தாலும் வேண்டாம். தண்ணீரின் அழுத்தத்தில் முன்கண்ணாடி வெளியே புடைக்காமல் காப்பதே அந்தப் பட்டைதான். மீனுக்கு என்ன மருந்து ஊற்றினார்கள் என்றும் கேளுங்கள். செம்பு கலந்த மருந்து என்றால் பழைய மணலை எறிந்துவிடுங்கள். இறால், நத்தை வளர்க்கும் எண்ணத்தையும் கைவிடுங்கள்.

ஃபில்டர் அன்றுவரை ஓடியிருந்தால் அதிர்ஷ்டம்தான். மீன் கழிவைச் செரிக்கும் பாக்டீரியா பஞ்சிலும் வளையங்களிலும் குடியிருக்கிறது. அவற்றை அதே தொட்டித் தண்ணீரோடு திறந்த வாளியில் போட்டு எடுத்து வாருங்கள். மூடிய கேனிஸ்டர் (குடுவை) ஃபில்டருக்குள் விட்டால் நம் வெயிலில் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து எல்லாம் அழுகிவிடும். உள்ளே தங்கிய அந்தத் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் ஓடவிட்டால் மீனுக்கு விஷம். ஏற்கனவே காய்ந்துபோன பஞ்சில் உயிர் எதுவும் மிஞ்சியிருக்காது. வளையங்களை மட்டும் கழுவி வைத்துக்கொள்ளலாம்.

120 × 45 × 45 செ.மீ. தொட்டி, 10 மி.மீ. கண்ணாடி என்றால் வெறும் தொட்டியே சுமார் 50 கிலோ. கொஞ்சம் தண்ணீரோ மணலோ உள்ளே இருக்கத் தூக்கினால் அடிக்கண்ணாடி விரிசல் விடும். மின்தூக்கியின் ஆழத்தையும் வாசல் அகலத்தையும் முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்.

முழு அளவில் அது 243 லிட்டர் பிடிக்கும். தண்ணீர், மணல், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 350 கிலோ. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கூடத்தின் நடுவில் வைக்காமல், சுவரோரமாகத் தூணுக்கோ உத்தரத்துக்கோ அருகில் வையுங்கள். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் தண்ணீர் மட்டுமே 540 கிலோ. அதற்குப் பொறியாளர் ஒருவரிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

ஸ்டாண்டு அழுத்திய மரத்தூள் பலகையாக இருந்தால் அடிப்பகுதி ஊறி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ரசமட்டத்தை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் வைத்துப் பாருங்கள். சாய்வு இருந்தால் ஆப்பை ஸ்டாண்டின் காலுக்குக் கீழேதான் கொடுக்க வேண்டும். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே செருகினால் ஒரே இடத்தில் பாரம் இறங்கிக் கண்ணாடி உடையும். சட்டமில்லாத தொட்டிக்கு அடியில் நுரை விரிப்பு போடுங்கள். அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டிக்கு அது வேண்டாம்.

இனி ஒழுகல் சோதனை. சுற்றிலும் உலர்ந்த செய்தித்தாளை விரியுங்கள். மூன்றில் ஒரு பங்கு நிரப்பி ஒரு மணி நேரம் பொறுங்கள், பிறகு இன்னொரு பங்கு, பிறகு முழுவதும். 48 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். நீர்மட்டம் நாளுக்குச் சில மில்லிமீட்டர் இறங்குவது ஆவியாவதால். தாள் நனைந்தால்தான் ஒழுகல். ஒழுகிய இடத்தில் மட்டும் புதுச் சிலிகான் பூசுவது வீண் வேலை, ஏனென்றால் பழையதின்மேல் புதியது ஒட்டாது. உட்புறப் பசை முழுவதையும் சுரண்டி எடுத்து, பூஞ்சைத் தடுப்பு மருந்து சேராத நூறு விழுக்காடு சிலிகானைப் பூசி, ஒரு வாரம் காயவிடுங்கள். காயும் சிலிகானிலிருந்து எழும் காடி (வினிகர்) வாடை அறவே போயிருக்க வேண்டும்.

உப்புக்கறைக்கு வெள்ளைக் காடி போதும். சோப்பு கூடவே கூடாது.

தண்ணீர் விஷயத்தில் ஊர் வழக்கம் இங்கே பலிக்காது. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்றினால் குளோரின் போய்விடும் என்பார்கள். பொதுப் பயனீட்டுக் கழகம் சேர்ப்பதோ குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின். அது அப்படியெல்லாம் போகாது. வாளியை நாள்கணக்கில் விட்டால் ஏடிஸ் கொசுவுக்குத்தான் கொண்டாட்டம். குளோரமினை முறிக்கும் கண்டிஷனர் கட்டாயம் தேவை. சீக்கெம் பிரைம் என்றால் 200 லிட்டருக்கு 5 மி.லி. குழாயை நேரே தொட்டிக்குள் விட்டு நிரப்புவதாக இருந்தால், புதிதாக ஊற்றும் தண்ணீருக்கு மட்டுமல்ல, தொட்டியின் மொத்த அளவுக்கும் கணக்கிட்டு முன்கூட்டியே ஊற்றிவிடுங்கள். குளோரமின் முறியும்போது கொஞ்சம் அம்மோனியா வெளிப்படும். எனவே புதுத் தண்ணீரில் அம்மோனியா சோதனை லேசான பச்சை காட்டினால் பதறாதீர்கள்.

பஞ்சு உயிரோடு கிடைக்காதவர்கள், பாக்டீரியா புதிதாக வளரும்வரை நான்கிலிருந்து ஆறு வாரம் மீனில்லாமல் காத்திருக்க வேண்டும். தொட்டி வாங்குகிறவர்களில் பாதிப்பேர் தோற்பது இங்கேதான் என்பது எங்கள் எண்ணம். பாக்டீரியாவுக்குத் தீனியாக அம்மோனியம் குளோரைடு திரவத்தை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்கு ஊற்றி, இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். முதலில் நைட்ரைட் ஏறும், பிறகு நைட்ரேட். ஊற்றிய 2 பிபிஎம் அம்மோனியா 24 மணி நேரத்தில் மறைந்து நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். முக்கால் பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம். சோதனைக்குச் சொட்டு மருந்துப் பெட்டியை வாங்குங்கள்; காகிதப் பட்டைகள் நம் ஈரக்காற்றில் சீக்கிரம் கெட்டுவிடும்.

மூன்றாம் வாரம் எல்லாம் அப்படியே நின்றுபோனதுபோல் தோன்றினால் பிஎச்சை, அதாவது தண்ணீரின் அமில அளவைப் பாருங்கள். நம் குழாய்த் தண்ணீர் மென்மையானது, பிஎச்சை விழாமல் தாங்கும் கார்பனேட் அதில் குறைவு. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அதுவும் தீர்ந்து பிஎச் 6-க்குக் கீழே விழும், பாக்டீரியா முடங்கிவிடும். பவளச் சில்லு ஒரு கைப்பிடியை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்தால் மெல்ல மீளும்.

ஃபில்டர் மணிக்கு 1,000 முதல் 1,400 லிட்டர்வரை சுழற்ற வேண்டும். மணல் 4 செ.மீ. ஆழத்துக்குச் சுமார் 30 கிலோ பிடிக்கும். மின்கம்பிகளில் பிளக்கை விடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கட்டும். வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

இங்கே ஹீட்டர் தேவையில்லை. தொட்டி தானாகவே 28 முதல் 30 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டைத் தாங்கும் மீன்களைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நாலடிக்கு ஒரு நல்ல கூட்டணி: ஹார்லிக்வின் ரஸ்போரா 20, ஸ்டெர்பாய் கோரிடோராஸ் 8, பேர்ல் கௌராமி ஒரு ஜோடி, பிரிஸில்நோஸ் பிளெக்கோ ஒன்று. ஹார்லிக்வின் இந்த மண்ணுக்கே சொந்தமான மீன். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். முதலில் ரஸ்போரா, இரண்டு வாரம் கழித்து அடுத்தது. செராங்கூன் நார்த் அவென்யூ 1-இல் வரிசையாக மீன் கடைகள் இருக்கின்றன. வாங்குமுன் கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் மீன், மூடிய துடுப்பு, வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று அந்தத் தொட்டி முழுவதையும் பாருங்கள். ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் சாதாரண பிளெக்கோ ஓரடிக்கு மேல் வளரும். சுத்தம் செய்வதைவிட அதிகமாகவே அசுத்தம் செய்யும். அரோவானாவுக்கு நாலடி போதாது. வேண்டாத மீனைக் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ விடுவது சட்டப்படி குற்றம். கடையில் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்.

தண்ணீர் 31 டிகிரியைத் தாண்டினால் விளிம்பில் மாட்டும் மின்விசிறி இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். அதற்கு மூடி திறந்திருக்க வேண்டும், மீன் துள்ளும், ஆகவே வலை போடுங்கள்.

வாரம் ஒருமுறை 60 லிட்டர், அதாவது கால் பங்கு மாற்றுங்கள். நைட்ரேட் 40 பிபிஎம்மைத் தொட்டால் இன்னும் கொஞ்சம். ஃபில்டர் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயடியில் கழுவினால் ஆறு வார உழைப்பு சாக்கடைக்குப் போகும். தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். அன்பு மிகுந்து அள்ளிக் கொட்டிவிடுவார்கள். ஒரு வேளைக்குரியதைக் காகிதத்தில் மடித்து, மேலே தேதியை எழுதி, இரண்டு நாளுக்கு ஒரு பொட்டலம் என்று எண்ணிக் கொடுத்துவிட்டு டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.