அடர்ந்த குடியிருப்புக்கு ஊரில் எந்த இடம்? மாசசூசெட்ஸ் சிற்றூர்வாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

பாஸ்டனைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சில ஆண்டுகளாக நடந்துவரும் வாக்குவாதங்களில் பெரும்பகுதி, விடை தெரிந்துவிட்ட ஒரு கேள்வியிலேயே செலவாகிறது. அடுக்குமாடி வீடுகளுக்கு ஊரில் இடம் தரலாமா என்பதை 2021 ஜனவரியில் வந்த மாநிலச் சட்டம் முடிவு செய்துவிட்டது. பாஸ்டன் வட்டாரப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான எம்பிடிஏவின் ரயில், பேருந்துச் சேவையோடு தொடர்புடைய 177 ஊர்களும் நகரங்களும், பல குடும்பங்கள் வாழும் கட்டடங்களைச் சிறப்பு அனுமதி கேட்காமல் உரிமையாகவே கட்டக்கூடிய ஒரு மண்டலத்தையாவது வகுக்க வேண்டும். மில்டன் ஊர் வாக்காளர்கள் 2024 பிப்ரவரியில் அத்தகைய மண்டலத்தை நிராகரித்தபோது வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சட்டம் செல்லும் என்றும், அட்டர்னி ஜெனரல் அதை நீதிமன்றத்தின் வழியாகச் செயல்படுத்தலாம் என்றும் 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஆகவே ஊர்வாசிகளின் கையில் உண்மையாக இருப்பது அந்த மண்டலம் எங்கே அமைய வேண்டும் என்ற முடிவுதான். அதற்கு முறையாகத் தயாராக வேண்டும்.

முதலில் சட்டம் கேட்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஓர் ஏக்கருக்குக் குறைந்தது 15 வீடுகள் என்ற எண்ணைக் கேட்டதும் பலர் வானுயர்ந்த கோபுரங்களைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். ஓர் ஏக்கர் என்பது நம் கணக்கில் 18 கிரவுண்டுக்குச் சற்று அதிகம். தெருக்களையும் சேர்த்தே கணக்கிட்டாலும் ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 2,900 சதுர அடி நிலம் வருகிறது. மூன்று மாடிக்குள் இதைக் கட்டிவிட முடியும். வீடுகளில் குடியிருப்போருக்கு வயது வரம்பு விதிக்கக் கூடாது. அவை குழந்தைகளோடு வாழும் குடும்பங்களுக்கும் ஏற்றவையாக இருக்க வேண்டும். யாரும் எதையும் கட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, நில உரிமையாளர் விரும்பினால் கட்டலாம் என்றே சொல்கிறது.

அடுத்து, உங்கள் ஊர் எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். சுரங்க ரயில் ஓடும் ஊர், அங்கு ஏற்கெனவே உள்ள வீடுகளின் எண்ணிக்கையில் 25 விழுக்காட்டுக்கு இடமளிக்கும் மண்டலத்தை வகுக்க வேண்டும். புறநகர் ரயில் நிலையம் உள்ள ஊருக்கு 15, அத்தகைய ஊர்களை அடுத்துள்ள ஊருக்கு 10, அடுத்துள்ள சிற்றூருக்கு 5 விழுக்காடு. நிலையம் இருக்குமானால் மண்டலம் பெரும்பாலும் அதிலிருந்து அரை மைலுக்குள் அமைய வேண்டியிருக்கும். நிலையமே இல்லாத சிற்றூருக்குத் தேர்வுச் சுதந்திரம் மிக அதிகம், சச்சரவும் அங்கேதான் அதிகம்.

இனி வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முன்மொழியப்பட்ட இடங்களுக்கு நேரில் செல்லுங்கள். வாதத்தின் வலிமை இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது. அங்கே சதுப்பு நிலம் எவ்வளவு, கழிவுநீர்க் குழாய் வருகிறதா அல்லது செப்டிக் டேங்க்தானா, கடைக்கும் பள்ளிக்கும் நடைபாதை உண்டா, இப்போது அந்த மனைகளில் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஈரநிலப் பாதுகாப்பு விதிகளும், செப்டிக் அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் டைட்டில் ஃபைவ் விதிகளும் இந்த மண்டலங்களுக்கும் பொருந்தும். எனவே தண்ணீர் ஊறும் நிலத்தில் வரையப்பட்ட மண்டலத்தில் வீடு எழும்புவது கடினம். அண்மையில் கட்டி முடித்த அடுக்குமாடி வளாகங்களின் மேலேயே கோடு வரைந்து, புதிதாக ஒரு வீடும் வராதபடி கணக்கை மட்டும் நேர்செய்யும் வழக்கமும் உண்டு. அது விதிக்கு உட்பட்டதாக இருக்கலாம். ஆனால் அந்த ஊரில் வேலை செய்யும் ஆசிரியரும் செவிலியரும் குடியிருக்க இடம் தேடும்போது அது அவர்களுக்கு உதவாது என்பதால் நான் அதை ஏற்பதில்லை. பழைய ஆலைக் கட்டடம், பாதி காலியாகக் கிடக்கும் வாகன நிறுத்துமிடத்தோடு கூடிய கடைத்தொகுதி, ஊர் நடுவே உள்ள வணிகத் தெரு ஆகியவற்றை முதலில் பரிசீலிக்கச் சொல்லுங்கள். பரப்பளவிலும் கவனம் தேவை: 2023இல் தாராளமாகப் பல மண்டலங்களை வகுத்த லெக்சிங்டன், கட்டட விண்ணப்பங்கள் விரைந்து குவிந்ததால் 2025இல் அவற்றைச் சுருக்கியது.

உங்கள் கருத்தை, ஊரின் நிலப் பயன்பாட்டு முன்மொழிவுகளை ஆராயும் திட்டக்குழுவின் பொது விசாரணையிலேயே வையுங்கள். விசாரணை அறிவிப்பு குறைந்தது 14 நாட்களுக்கு முன் நாளிதழில் வர வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள், ஊர் விதிகளை வாக்கெடுத்து முடிவு செய்யும் கூட்டமான டவுன் மீட்டிங்கில் வாக்களிக்க முடியாது. ஆனால் பொது விசாரணையில் பேசலாம், எழுத்திலும் கருத்துத் தரலாம். விசா அல்லது கிரீன் கார்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல, தங்களுக்கு இதில் இடமில்லை என்று எண்ணி ஒதுங்கிவிடுவது வருத்தம் தருகிறது. பேசும்போது 'ஊரின் இயல்பு கெடும்' என்று பொதுவாகச் சொல்லாமல், இந்தத் தெருவில் இந்த மனையைச் சேர்க்கவும் அல்லது நீக்கவும், காரணம் இது, ஈடாக இந்த இடத்தை எடுத்துக்கொள்ளவும் என்று சொல்லுங்கள். நீக்கச் சொல்பவர் மாற்று இடத்தையும் காட்டினால்தான் குழு அதைக் கணக்கில் எடுக்க முடியும், ஏனெனில் மொத்த வீட்டு எண்ணிக்கை குறையக் கூடாது.

இதே காரணத்தால், டவுன் மீட்டிங் நடக்கும் இரவில் திருத்தம் கொண்டுவரலாம் என்று காத்திருக்காதீர்கள். அங்கே இரண்டு மனைகளை நீக்கினாலே மண்டலம் மாநில அளவுகோலுக்குக் கீழே சென்றுவிடக்கூடும். இத்தகைய மண்டலத்துக்கு முன்பு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது; 2021க்குப் பின் பொதுவாகச் சாதாரணப் பெரும்பான்மை போதும். நிறைவேறினால் விதி அட்டர்னி ஜெனரலின் ஆய்வுக்குச் செல்லும், அவருக்கு 90 நாட்கள் உண்டு. தோற்றால், திட்டக்குழு பரிந்துரைத்தால் ஒழிய, அதே முன்மொழிவை இரண்டு ஆண்டுகளுக்கு மீண்டும் கொண்டுவர முடியாது. அப்படி நேர்ந்தால், எந்த மனைகளால் வாக்குகள் போயின என்று குறித்துக்கொண்டு, மறுவாரமே திட்டக்குழுவின் கூட்டத்துக்குச் செல்லுங்கள்.