பி அண்ட் ஐடியில் வால்வுக்கு டேக் போடுவது எப்படி

புது பி அண்ட் ஐடி ஷீட், அதாவது பிளான்ட்டின் பைப், வால்வு, இன்ஸ்ட்ருமென்ட் எல்லாம் எப்படி இணைந்திருக்கின்றன என்று காட்டுகிற டிராயிங், கையில் வந்ததும் இடது ஓரத்திலிருந்து ஹெச்வி-001, ஹெச்வி-002 என்று வரிசையாக டேக், அதாவது அடையாள நம்பர், போட்டுக்கொண்டு போகத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்த ஷீட்டில் இருக்கிற வால்வெல்லாம் ஒரே ரகம் கிடையாது.

முதலில் இன்ஸ்ட்ருமென்ட் ஆட்களுடைய வால்வுகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். கன்ட்ரோல் வால்வுக்கு நம் இஷ்டத்துக்கு நம்பர் தர முடியாது, அது எந்த லூப்பில் (அளக்கிற டிரான்ஸ்மிட்டர், கன்ட்ரோலர், வால்வு மூன்றும் சேர்ந்த தொகுதி) இருக்கிறதோ அந்த லூப்பின் நம்பர்தான் அதற்கும். டிரான்ஸ்மிட்டர் எஃப்டி-1201, கன்ட்ரோலர் எஃப்ஐசி-1201 என்றால் வால்வு எஃப்வி-1201. இன்ஸ்ட்ருமென்ட் குறியீடுகளுக்கான ஐஎஸ்ஏ 5.1 ஸ்டாண்டர்டின் முறைப்படி முதல் எழுத்து எதை அளக்கிறோம் என்பதைச் சொல்லும்: எஃப் ஃப்ளோ, எல் லெவல், பி பிரஷர், டி டெம்பரேச்சர். சில பிளான்ட்டில் எஃப்சிவி என்றும் எழுதுவார்கள், அதுவும் புரியும், ஆனால் ஒரே பிராஜெக்ட்டில் இரண்டையும் கலக்காதீர்கள். ஆன்-ஆஃப் வால்வுக்குப் பெரும்பாலும் எக்ஸ்வி போடுவோம். எக்ஸ் என்ற எழுத்துக்கு நிலையான அர்த்தம் இல்லாததால், நீங்கள் எந்தப் பொருளில் போட்டீர்கள் என்பதைக் குறியீட்டு ஷீட்டில் எழுதியே ஆக வேண்டும்.

மிச்சம் இருப்பது கையால் திருகுகிற வால்வுகள், ஹெச்வி என்பது இவைதான். குழப்பம் முழுக்க இங்கேதான். சில டிராயிங்கில் கேட் வால்வு பக்கத்தில் ஒரு குறியீடு மட்டும் இருக்கும், அதே குறியீடு இன்னும் ஐம்பது இடத்திலும் இருக்கும். அது என்ன வால்வு வாங்க வேண்டும் என்று சொல்கிற பைப்பிங் ஸ்பெக் குறியீடு, டேக் இல்லை. புதிதாக வருகிற பசங்க இதை டேக் என்று நினைத்துக்கொண்டு டூப்ளிகேட் என்று ரிப்போர்ட் எழுதிவிடுவார்கள். ஓடுகிற பிளான்ட்டில் பெர்மிட் (வேலை செய்வதற்கான எழுத்து அனுமதி) போட்டு லைனை ஐசோலேட் செய்ய, அதாவது அடைத்துத் தனியாகப் பிரிக்க, வேண்டுமென்றால் ஒவ்வொரு வால்வுக்கும் தனி நம்பர் இருந்தே ஆக வேண்டும்.

ஒரு கூலிங் வாட்டர் பம்ப் ஜோடியை எடுத்துக்கொள்வோம், பி-101ஏ, பி-101பி. தண்ணீர் போகிற திசையிலேயே போங்கள்: ஏ பம்ப்பின் சக்‌ஷன் வால்வு ஹெச்வி-1011ஏ, டிஸ்சார்ஜில் செக் வால்வு சிவி-1012ஏ, அதற்கப்புறம் ஐசோலேஷன் ஹெச்வி-1013ஏ, டிரெயின் 1014ஏ, வென்ட் 1015ஏ. பி பம்ப்புக்கு அதே நம்பர்கள், கடைசி எழுத்து மட்டும் பி. ராத்திரி ஷிஃப்ட்டில் டார்ச் அடித்துத் தேடுகிறவருக்கு ஒரு பம்ப்பின் நம்பர் தெரிந்தால் மற்றதும் தெரிந்த மாதிரி. முக்கால் இன்ச் டிரெயின்தானே, இதற்கெல்லாம் டேக் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள், பெர்மிட்டில் முதலில் திறக்கச் சொல்வதே அதைத்தான் பல நேரம்.

நான் ஒருமுறை ஏ பகுதியை அப்படியே காப்பி செய்து பி பக்கத்தில் ஒட்டிவிட்டு, டிரெயின் டேக்கை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன். ஷீட் வெளியே போய்விட்டது. பெர்மிட் எழுத வந்த ஆபரேட்டர் "1014ஏ ரெண்டு இருக்கே சார், எதைத் திறக்க?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. கேட்டாரே, அது என் நல்ல நேரம். அன்றிலிருந்து ஒவ்வொரு ரிவிஷனுக்கும் டேக் எல்லாவற்றையும் எக்செல்லில் இறக்கி, வரிசைப்படுத்தி, இரட்டை விழுகிறதா என்று பார்க்காமல் அனுப்புவதில்லை.

டேக் போட்டாயிற்று, அதன் பக்கத்தில் என்ன எழுதுவது? லைன் சைஸும் வால்வு சைஸும் வேறாக இருந்தால் சைஸ். சாதாரணமாக மூடியே இருக்கும் கேட் வால்வின் முக்கோணங்களைக் கறுப்பாக நிரப்புவது வழக்கம், ஆனால் பால் வால்வின் வட்டத்தை நிரப்பினால் அது குளோப் வால்வு மாதிரி ஆகிவிடும், அதனால் அங்கே என்சி (நார்மலி க்ளோஸ்டு) என்று எழுதிவிடுங்கள். கன்ட்ரோல் வால்வுக்கு வருகிற ஏர் நின்றுபோனால் என்ன ஆகும் என்பது கட்டாயம்: ஃபர்னஸுக்குப் போகிற ஃப்யூயல் கேஸ் வால்வு மூடிக்கொள்ள வேண்டும், எஃப்சி (ஃபெயில் க்ளோஸ்), கூலிங் வாட்டர் வால்வு பெரும்பாலும் திறந்துகொள்ள வேண்டும், எஃப்ஓ (ஃபெயில் ஓப்பன்). பிஎஸ்வி (பிரஷர் சேஃப்டி வால்வு) என்றால் அது திறக்கிற செட் பிரஷரும் 4பி6 மாதிரி சைஸும். 4 இன்ச் இன்லெட், 6 இன்ச் அவுட்லெட், நடுவில் உள்ள எழுத்து ஆரிஃபிஸ், அதாவது உள்ளே இருக்கும் துளையின் அளவு. அந்த பிஎஸ்விக்கு முன்னால் ஐசோலேஷன் வால்வு இருந்தால் எல்ஓ, அதாவது பூட்டித் திறந்தே வைப்பது, என்று எழுதாமல் ஷீட்டைக் கையிலிருந்து விடாதீர்கள்.

பின்னால் ஒரு வால்வை எடுத்துவிட்டால் அதன் நம்பரும் அதோடு போகட்டும், வேறு வால்வுக்குத் தராதீர்கள். பழைய பெர்மிட், பழைய மெயின்டனன்ஸ் ரெக்கார்ட் எல்லாம் அந்த நம்பரில்தான் கிடக்கும். சைட்டில் ஸ்டீல் பிளேட் கட்டும்போது ஹேண்ட்வீலில் கட்ட விடாதீர்கள், பாடியிலோ யோக்கிலோ (பாடிக்கு மேலே ஹேண்ட்வீலைத் தாங்குகிற சட்டம்) கட்டச் சொல்லுங்கள். ஹேண்ட்வீல் உடைந்தால் பக்கத்து வால்விலிருந்து கழற்றி மாட்டுவார்கள், டேக்கும் கூடவே போய்விடும்.